6 நிமிடத்தில் விடுதலை செய்த நீதிமன்றம்... கடைசிவரை மன்னிக்காத மக்கள்! யார் இந்த 'ஃபேட்டி' ஆர்பக்கிள்?

காமெடி நடிகர் ஒருவரின் சொந்த வாழ்க்கையில் சர்ச்சை வெடித்தால் என்ன நடக்கும்? போலீஸ் விசாரணை முடியும் முன்பே ஊர் தீர்ப்பு சொல்லிவிடும். நேற்றுவரை கைதட்டியவர்களே முதல் ஆளாக கல்லெறிவார்கள். இது சோஷியல் மீடியா வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம்னு பலரும் நினைக்கிறோம். ஆனால், டிவி என்ற ஒன்றே புழக்கத்துக்கு வராத 1921-ல், பத்திரிகைகளை மட்டும் வைத்தே அமெரிக்கா இதைச் செய்து முடித்திருக்கிறது. அதில் சிக்கியவர் ராஸ்கோ ஆர்பக்கிள். மக்களுக்கு அவர் 'ஃபேட்டி', அதாவது குண்டு ஆர்பக்கிள்.

யார் இந்த ஆர்பக்கிள்?

1887 மார்ச் 24-ம் தேதி கான்சாஸ் மாகாணத்தின் ஸ்மித் சென்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறந்தபோதே சுமார் 6 கிலோ எடை இருந்ததாகச் சொல்வார்கள். ஒல்லியான பெற்றோருக்கு இப்படி ஒரு குழந்தையா என்று தந்தைக்கே சந்தேகம். அந்த வெறுப்பு கடைசிவரை தீரவில்லை. சிறுவயதிலேயே தாயை இழந்தவர், பாட்டு, ஆட்டம், கோமாளித்தனம் என்று மேடை மேடையாக ஏறி வயிற்றைக் கழுவினார்.

1913-ல் கீஸ்டோன் ஸ்டுடியோவில் சேர்ந்தார். சம்பளம் நாளுக்கு 3 டாலர். அவ்வளவு கனத்த உடம்பை வைத்துக்கொண்டு பல்டி அடிப்பார், ஓடுவார், குறி தவறாமல் கேக்கை வீசுவார். மேபல் நார்மண்டுடன் சேர்ந்து நடித்த படங்கள் சக்கைப்போடு போட்டன. சார்லி சாப்ளின் அந்த ஸ்டுடியோவுக்கு வந்த புதிதில் அவருடன் சேர்ந்து நடித்தவர். சாப்ளினின் அந்த தொளதொள பேன்ட்டே ஆர்பக்கிளுடையது என்று ஒரு பேச்சு உண்டு. 1917-ல் பஸ்டர் கீட்டனை முதன்முதலாகத் திரைக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

1921-ல் பாராமவுண்ட் நிறுவனம் அவருக்குக் கொடுத்த சம்பளம் ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தொகை. ஒரு விஷயம், படத்துக்கு வெளியே 'ஃபேட்டி' என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது.

அந்த விருந்தில் என்னதான் நடந்துச்சு?

1921 செப்டம்பர் 5, விடுமுறை நாள். சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலில் நண்பர்களுடன் அறை எடுத்திருந்தார் ஆர்பக்கிள். நாடு முழுக்க மதுவிலக்கு. ஆனாலும் விருந்தில் மது ஓடியது. அங்கு வந்திருந்தவர்களில் ஒருவர் விர்ஜினியா ராப் என்ற நடிகை. மதியத்துக்குப் பிறகு, ஆர்பக்கிளின் 1219-ம் எண் அறையில் அவர் வலியால் துடித்துக்கொண்டிருந்தார். போதையில் கிடக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. செப்டம்பர் 9-ம் தேதி அவர் இறந்துபோனார். சிறுநீர்ப்பை கிழிந்து வயிற்றுக்குள் தொற்று பரவியதுதான் காரணம் என்றது மருத்துவ அறிக்கை.

விருந்துக்கு வந்திருந்த மாட் டெல்மான்ட் என்ற பெண், ஆர்பக்கிள்தான் விர்ஜினியாவைத் தாக்கினார் என்று போலீஸில் சொன்னார். குளியலறைத் தரையில் உடம்பு முடியாமல் கிடந்தவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை என்பது ஆர்பக்கிளின் வாதம். முதலில் கொலை வழக்கு. பிறகு அது, கொலை நோக்கம் இல்லாமல் மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. ஜாமீன் கிடைக்கும் முன் இரண்டு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

மக்கள் எப்படி எடுத்துக்கிட்டாங்க?

இங்கேதான் கதை மாறுது. ஹர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகள் நாள் தவறாமல் முதல் பக்கத்தில் இந்த விவகாரத்தைப் போட்டு விற்பனையை அள்ளின. எந்த உடம்பைப் பார்த்து மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களோ, அதே உடம்பு இப்போது குற்றத்துக்கு சாட்சியானது. அவருடைய எடை தாங்காமல்தான் அந்தப் பெண்ணின் உயிர் போனது என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. சொல்லவே கூசும் வதந்திகள் கூடவே கிளம்பின.

விசாரணை தொடங்கும் முன்பே தியேட்டர்கள் அவருடைய படங்களைத் தூக்கின. தேவாலயங்களும் பெண்கள் சங்கங்களும் தடை கேட்டன. விர்ஜினியாவுக்கு அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த மாதமே யுனிவர்சல் ஸ்டுடியோ, நடிகர்கள் ஒழுக்கம் தவறினால் சம்பளத்தை நிறுத்தலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்தது. சினிமா ஒப்பந்தங்களில் இன்றும் இருக்கும் ஒழுக்க நிபந்தனைக்குத் தொடக்கம் இதுதான்.

மூன்று விசாரணை, ஒரு மன்னிப்பு

முதல் விசாரணை 1921 நவம்பரில் தொடங்கியது. ஜூரிகளில் 10 பேர் ஆர்பக்கிள் பக்கம், 2 பேர் எதிராக. ஒருமித்த முடிவு இல்லாததால் மறுவிசாரணை. இதில் கவனிக்க வேண்டியது, புகாரைக் கிளப்பிய டெல்மான்ட்டை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. அவர் சொன்னது ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததுதான் காரணம்.

1922 ஜனவரியில் இரண்டாவது விசாரணை. அரசுத் தரப்பு தன்னைப் பொய் சொல்ல வைத்தது என்று ஒரு சாட்சி கூண்டிலேயே சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ஆர்பக்கிளின் வக்கீல், அவரைச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை, இறுதி வாதமும் செய்யவில்லை. வாய் திறக்காததே தப்பு செய்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்ட ஜூரிகளில் பெரும்பாலோர் இந்த முறை அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். மறுபடியும் ஒருமித்த முடிவு இல்லை.

மூன்றாவது விசாரணையில் எல்லாம் தலைகீழ். 1922 ஏப்ரல் 12-ம் தேதி, சுமார் 6 நிமிடத்தில் ஜூரி திரும்பி வந்தது. குற்றவாளி இல்லை என்றதோடு நிற்காமல், அவருக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று எழுத்து மூலமாகவே மன்னிப்பும் கேட்டது.

இந்த விசாரணைகளில் இன்னொருவரும் நொறுக்கப்பட்டார். அது இறந்துபோன விர்ஜினியா. ஆர்பக்கிளைக் காப்பாற்ற வந்த வக்கீல்கள், பதில் சொல்ல உயிரோடு இல்லாத அந்தப் பெண்ணின் கடந்த காலத்தைக் கிளறினார்கள். பத்திரிகைகள் அதையும் விட்டுவைக்கவில்லை. நேற்று அப்பாவியாக இருந்தவர், இன்று ஒழுக்கம் கெட்டவர் ஆனார்.

விடுதலைக்குப் பிறகும் தடை ஏன்?

தீர்ப்பு வந்த ஆறாவது நாளே, சினிமா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் தலைவர் வில் ஹேஸ், ஆர்பக்கிள் நடிக்கத் தடை விதித்தார். சட்டப்படி காரணம் எதுவும் இல்லை. மக்கள் கோபம் ஒட்டுமொத்த ஹாலிவுட் மீதும் திரும்பிவிடுமோ என்ற பயம்தான். அந்த டிசம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. ஆனா, எதிர்ப்பு மறுபடியும் கிளம்பியதால் எந்த ஸ்டுடியோவும் அவரைத் திரையில் காட்டத் துணியவில்லை. வழக்குச் செலவு அவருடைய சொத்தை விழுங்கியது.

கீட்டன் போன்ற சில நண்பர்கள்தான் கைகொடுத்தார்கள். வில்லியம் குட்ரிச் என்று தன் தந்தையின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டு படங்களை இயக்கினார் ஆர்பக்கிள். பெயரை மறைத்தால்தான் வேலை! அப்படி அவர் இயக்கிய 'தி ரெட் மில்' படம் 1927-ல் வந்தது. தயாரித்தது எந்த நிறுவனம் தெரியுமா? அவரை முதல் பக்கத்தில் வைத்து விற்ற அதே ஹர்ஸ்டின் சினிமா நிறுவனம்.

சுமார் 11 ஆண்டுகள் கழித்து, வார்னர் பிரதர்ஸுக்காக 6 குறும்படங்களில் சொந்தப் பெயரில் நடித்தார். ரசிகர்களும் சிரித்தார்கள். முழுநீளப் படத்துக்கும் ஒப்பந்தம் கைகூடியது. அந்த சந்தோஷத்தோடு தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. 1933 ஜூன் 29, மாரடைப்பு. வயது 46.

1219-ம் எண் அறையில் அந்தச் சில நிமிடங்களில் என்ன நடந்தது என்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நீதிமன்றத்துக்கு மூன்று விசாரணை தேவைப்பட்டது. பேப்பர் படித்தவர்களுக்கோ ஒரே ஒரு காலை போதுமானதாக இருந்தது. ஆர்பக்கிளின் 1915-ம் ஆண்டுப் படம் ஒன்றைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1995-ல் சேர்த்தது. அப்போது அவர் இறந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.