மறதிக்குப் பெயர் தந்த மருத்துவர்

அல்சைமர் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு நோய். அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது! உயிர்வேதியியல் பயிலும் எனக்குப் புரதங்களைப் பற்றிய பாடத்தின் வழியாகத்தான் அவர் அறிமுகமானார். பாடநூலில் இரண்டே வரிகளில் வந்துபோன அவரைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அலோய்ஸ் அல்சைமர் 1864 ஜூன் 14-ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாவில், மார்க்ட்பிரைட் எனும் சிற்றூரில் பிறந்தார். வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, 1888-இல் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மனநோயாளிகளைக் கட்டிப்போடுவது வழக்கமாக இருந்த காலம் அது. அதைத் தவிர்க்க முனைந்த மருத்துவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அங்கு வந்த பிரான்ஸ் நிசில், நரம்பணுக்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கலையில் வல்லவர். இருவரும் இணைபிரியா நண்பர்களாயினர்.

1901-ஆம் ஆண்டு அல்சைமருக்குச் சோதனையாக அமைந்தது. மனைவி செசிலி மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் அகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கணவரின் பெயரைக் கேட்டால் தம் பெயரையே சொன்னார். எழுதச் சொன்னால் தொடங்கியதை முடிக்க முடியாமல் தவித்தார். அல்சைமர் பொறுமையாக எதிரே அமர்ந்து, கேள்வியையும் பதிலையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார்.

பின்னர் அவர் ஹைடல்பெர்க் சென்று, 1903-இல் எமில் கிரப்பெலினோடு மியூனிக் வந்து சேர்ந்தார். ஆனாலும் அகுஸ்டவை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அந்த அம்மையார் இறந்ததும், அவருடைய மூளையையும் கோப்பையும் மியூனிக்கிற்கு வரவழைத்தார். வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பணுக்களுக்குள் முறுக்கிய இழைகளும், அணுக்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருளின் படிவுகளும் தெரிந்தன. அவற்றோடு, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளியா அணுக்களில் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருப்பதையும் குறித்தார். 1906 நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் கூட்டத்தில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். அவையில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை! இருப்பினும் 1910-இல் கிரப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

படிவுகளும் இழைகளும் புகழ்பெற்றன. கொழுப்புத் துளிகளோ நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அந்தப் படிவில் இருப்பது அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதம் என்பது 1984-இல் தெரியவந்தது. அப்புரதம் எங்கே பிறக்கிறது தெரியுமா? நரம்பணுவின் சவ்வுகளில்தான். சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று அமைக்கும் மெல்லிய வேலி. அவ்வேலியை ஊடுருவி நிற்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் வெட்டும்போது அமிலாய்டு பீட்டா உதிர்கிறது. இரண்டாவது வெட்டு கொழுப்பு அடுக்குக்கு உள்ளேயே நிகழ்கிறது. உதிர்ந்த புரதம் கேங்கிலியோசைடு என்ற சர்க்கரை ஏந்திய கொழுப்பும் கொலஸ்டிராலும் மிகுந்த இடங்களில் ஒட்டிக்கொள்ளக் கூடும். அங்கே நெருங்கிச் சேரும்போது வடிவம் மாறுகிறது. வடிவம் மாறிய ஒன்று வித்தாகி மற்றவற்றையும் இழுத்துத் திரளாக்குகிறது. அத்திரள்கள் அதே சவ்வைச் சிதைக்கவும் வல்லவை. 1993-இல், மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்லும் அப்போ-ஈ புரதத்தின் நான்காம் வகை இந்நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது எனக் கண்டறியப்பட்டது. அப்போ-ஈயைப் பெருமளவில் உண்டாக்குபவை, அல்சைமர் கொழுப்பைக் கண்ட அதே கிளியா வகை அணுக்கள்தாம்!

என் பாட்டி கடைசி மூன்றாண்டுகள் என்னை, இறந்துபோன தம் தங்கையின் பெயரால்தான் அழைத்தார். சாப்பிட்ட கையோடு, தமக்குச் சோறே போடவில்லை என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். வயதானால் அப்படித்தான் என்றனர் சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றனர் சிலர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தார். பழி பாட்டியின் மீதுமில்லை, அம்மாவின் மீதுமில்லை. மூளையின் அணுக்களில் நோய் இருந்தது. அதைக் கண்ணால் காணும்படி எடுத்துக்காட்டியவர் அல்சைமர்.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் புறப்பட்ட பயணத்திலேயே அவர் நோயுற்றார். அதன்பின் உடல் முழுமையாகத் தேறவில்லை. 1915 டிசம்பர் 19-ஆம் நாள், அகுஸ்ட மருத்துவமனைக்கு வந்த அதே 51 வயதில் காலமானார். பிராங்க்ஃபர்ட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். காணாமல் போயிருந்த அகுஸ்டவின் கோப்பு 1995-இல் அதே நகரில் மீண்டும் கிடைத்தது.

2023-இல் அமிலாய்டு படிவைக் குறைக்கும் லெக்கனமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா முழு அங்கீகாரம் அளித்தது. அது நோயின் வேகத்தைச் சற்றே தணிக்கிறது. இழந்த நினைவைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அதட்டாமல் அருகில் உட்காருங்கள். எப்போது தொடங்கியது, எதை மறக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.