தன் உடம்பிலேயே சோதனை!

1896-ம் ஆண்டு. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. எலிகள் செத்து விழுந்தன. மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

தடுப்பு மருந்து காண வந்தார், விஞ்ஞானி ஹாப்கின். அன்றைய ரஷியாவில், ஒடெசா நகரில் 1860-ல் பிறந்தவர். காலராவுக்குத் தடுப்பு ஊசி கண்டவர்.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஓர் அறை, ஒரு தாழ்வாரம். உதவிக்கு ஒரு குமாஸ்தா, 3 சேவகர்கள். அங்கேதான் கொடிய பிளேக் கிருமியை வளர்த்தார். அதைச் சூடாக்கிக் கொன்று மருந்து செய்தார்.

1897 ஜனவரி 10. முதல் ஊசியைத் தன் உடம்பிலேயே போட்டுக் கொண்டார். காய்ச்சல் அடித்தது, பிழைத்தார். அதன் பிறகே மற்றவர்களுக்குப் போட்டார்.

1902-ல் வந்தது பேரிடி. பஞ்சாபில், முல்கோவால் கிராமத்தில், ஒரே புட்டி மருந்தை ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் ரண ஜன்னி கண்டு மாண்டார்கள். பழி ஹாப்கின் மீது விழுந்தது. பதவி போயிற்று.

உண்மை என்ன? புட்டியைத் திறக்கும் இடுக்கியை உதவியாளர் தரையில் தவற விட்டார். சரியாகக் கிருமி நீக்காமல் அதையே பயன்படுத்தினார். ஆய்வுக்கூடத்தில் தவறு நடந்ததற்குச் சான்று இல்லை. ரொனால்டு ராஸ் முதலிய விஞ்ஞானிகள் ஹாப்கினுக்காக வாதாடினார்கள். 1907-ல் பழி நீங்கியது.

1925-ல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 1930-ல் அவர் காலமானார்.

கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில்கள் உண்டு. அந்த நோயின் கொடுமைக்கு அவையே சாட்சி.

ஆய்வுக்கூடம் ஆனாலும், திருப்பூர் சாயப்பட்டறை ஆனாலும், ஒரு நொடி அசட்டை பல உயிரைக் குடித்துவிடும்!