பிடி அரிசியும் பெருந்தலைவரும்



நம்ம காரியாபட்டிக்குப் பக்கத்திலுள்ள விருதுநகரில் 1903 ஜூலை 15-ல் பிறந்தவர் காமராசர். சிறு வயதிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். தாய் சிவகாமியும் பாட்டியும்தான் ஆதரவு. அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889-ல் தொடங்கியது. உலை வைக்குமுன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, ஊரார் வளர்த்த பள்ளி அது.

அங்கே ஒரு விநாயகர் சதுர்த்தியன்று பொரிகடலை கொடுத்தார்களாம். பிள்ளைகள் முண்டியடித்து வாங்க, ஒதுங்கி நின்ற இவருக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டியது வாத்தியார் பொறுப்பல்லவா என்று பாட்டியிடம் கேட்டாராம். இது நம்ம பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. தன் பள்ளியில் நியாயம் இருக்கிறதா என்று பிள்ளைகளும் எடை போடுகிறார்கள் என்பதே இதில் எனக்குப் பட்டது.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று, மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போனார். பிறகு சுதந்திரப் போராட்டம், சிறை. 1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர். வந்ததும், பள்ளி நேரத்தைக் குறைத்திருந்த 1953-ம் ஆண்டுத் திட்டத்தைக் கைவிட்டார். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு. செலவில் ஒரு பங்கு ஊரார் கையிலிருந்து. பழைய பிடி அரிசியேதான்! 1960-ல் இலவசச் சீருடை.

சோறும் துணியும் மட்டுமா அவர் கொடுத்தார்? பசித்த வயிறும் கிழிந்த சட்டையும் உள்ள பையனுக்கு, இது நமக்கான இடமில்லை என்றுதான் தோணும். அப்படித் தோணிவிட்டால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்? பள்ளி என்னுடையது என்ற எண்ணம் வந்தால் மார்க்கும் பின்னாலேயே வரும்.

என் கதையும் இதுதான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்சில் கூனிக்குறுகி உட்கார்ந்தேன். இரண்டு பேப்பர் அரியர். ஊருக்கே திரும்பிடலாமா என்றிருந்தபோது, ஒரு சீனியர் அண்ணன் தன்னோடு சாப்பிடக் கூட்டிப்போனார். ராத்திரி கணக்கும் சொல்லித்தந்தார். அடுத்த செமஸ்டரில் அரியர் இல்லை. என் மூளை மாறவில்லை, கல்லூரி என்னுடையதானது.

1975 அக்டோபர் 2-ல் பெருந்தலைவர் மறைந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா அளிக்கப்பட்டது. படிப்பைப் பாதியில் விட்டவர் நம்மைப் படிக்க வைத்தார்.

நண்பர்களே, சந்திப்பு முடிந்து கிளம்புமுன் கடைசி பெஞ்சுத் தம்பி ஒருவனிடம், தங்கை ஒருத்தியிடம் பேசிவிட்டுப் போங்கள். அதுவே நம் பிடி அரிசி.