வில்லியம் ஜேம்ஸ்: தன் கதையை மறைத்துச் சொன்ன உளவியலாளர்

1901 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்கள் பற்றிய தொடர் விரிவுரைகளை ஆரம்பித்தார். 1902 இல் அவை நூலாக வெளிவந்தன. அதில் பெயர் குறிப்பிடப்படாத பிரெஞ்சுக்காரர் ஒருவரின் அனுபவமும் இருந்தது.

ஒரு மாலைப்பொழுதில் எந்தக் காரணமுமின்றி அவரைப் பேரச்சம் பற்றிக்கொண்டது. மனநல விடுதியில் முன்பு பார்த்த ஓர் இளம் நோயாளியின் உருவம் மனதில் எழுந்தது. தானும் ஒருநாள் அப்படி ஆகிவிடலாம் என்ற எண்ணத்தால், பல மாதங்கள் இருட்டில் தனியாகச் செல்லவே அவர் அஞ்சினார்.

உண்மையில் அப்படியொரு பிரெஞ்சுக்காரர் இருக்கவில்லை. அது தன்னுடைய கதையே என்று, நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவரிடம் ஜேம்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டார்.

1842 ஜனவரி 11 ஆம் திகதி நியூயோர்க்கில் வசதியான குடும்பமொன்றில் ஜேம்ஸ் பிறந்தார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவரது தம்பி. முதலில் ஓவியம் பயின்றவர், பின்னர் விஞ்ஞானத்துக்கும் அதிலிருந்து மருத்துவத்துக்கும் மாறினார். 1869 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றும் ஒருநாள்கூட வைத்தியராகத் தொழில் செய்யவில்லை. முதுகுவலியும் கண் கோளாறும் ஆழ்ந்த மனச்சோர்வும் அவரை முடக்கின. தற்கொலை எண்ணமும் வந்துபோனது.

மனிதனின் செயல் யாவும் உடலின் இயக்கம் மட்டும்தானா, தன்னால் எதையும் தெரிவுசெய்ய முடியாதா என்ற கேள்வி அவரை வதைத்தது. 1870 இல் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேயின் எழுத்தை வாசித்தபோது ஒரு பிடி கிடைத்தது. தனக்குச் சுயவிருப்பு உண்டென நம்புவதையே தனது முதலாவது சுதந்திரமான செயலாக்க அவர் தீர்மானித்தார். நோய் உடனே நீங்கவில்லை. ஆனால் எழுந்து நடக்க அது போதுமானதாக இருந்தது.

1873 இல் ஹாவார்டில் உடற்றொழிலியல் கற்பிக்கத் தொடங்கியவர், 1875 இல் உளவியல் பாடத்தை அங்கு அறிமுகப்படுத்தினார். 12 வருட உழைப்பின் பின் 1890 இல் அவரது உளவியல் பெருநூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. நம்மை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சமூக முகங்கள் நமக்கு உண்டு என்று அதில் விளக்கினார். தன் ஒரு முகத்தை மறைத்து வாழ்ந்தவருக்கு அது வெறும் கோட்பாடு அல்ல.

அறிவைப் பல்கலைக்கழகத்துக்குள் பூட்டிவைக்கவும் அவர் விரும்பவில்லை. பாடசாலை ஆசிரியர்களுக்குப் பழக்கம், கவனம், ஞாபகம் பற்றி எளிய மொழியில் உரையாற்றினார். 1899 இல் அவ்வுரைகளும் நூலாயின.

வாழ்வின் இறுதிக் காலத்தில் கிளிஃபர்ட் பியர்ஸ் என்ற இளைஞரின் கையெழுத்துப் பிரதி அவரிடம் வந்தது. மனநோய் விடுதிகளில் தான் பட்ட அடியையும் அவமானத்தையும் பியர்ஸ் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தார். ஜேம்ஸ் மனதாரப் பாராட்டி எழுதிய கடிதத்துடன் 1908 இல் அந்நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மனநலத்துக்கான தேசியக் குழு உருவானது.

1910 ஓகஸ்ட் 26 ஆம் திகதி, தனது 68 ஆவது வயதில் ஜேம்ஸ் காலமானார். தன் நோயை ஒரு பிரெஞ்சுக்காரரின் பின்னால் மறைத்தவர், அதை மறைக்க மறுத்த ஓர் இளைஞருக்குத் தன் பெயரைத் துணையாகக் கொடுத்துவிட்டுப் போனார்.