பீ அம்மா: மகன்மாரின் நிழலில் மறையாத தாய்

எங்கள் ஊர்ப் பெண்களைப் பெரும்பாலும் இன்னாரின் மகள், இன்னாரின் உம்மா என்றே அடையாளம் சொல்வார்கள். இந்திய சுதந்திரப் போராட்ட வரலாறும் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் செய்தது. அலி சகோதரர்கள் என்று புகழ்பெற்ற மௌலானா ஷௌகத் அலி, மௌலானா முஹம்மத் அலி ஆகியோரின் தாய் என்றே அவரைப் பலருக்கும் தெரியும். மக்கள் அவரை பீ அம்மா என்று அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் ஆபாதி பானு பேகம்.

இவர் 1850ஆம் ஆண்டளவில் வட இந்தியாவின் அம்ரோஹாவில் பிறந்தார். வீட்டில் குர்ஆன் ஓதக் கற்றாரே தவிர, பாடசாலை வாசலை மிதித்தவரல்லர். ராம்பூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய அப்துல் அலி கானை மணம் முடித்து, ராம்பூரிலேயே வாழ்ந்தார். கணவர் காலமானபோது இவருக்கு வயது முப்பதளவுதான். 1878 டிசம்பரில் பிறந்த முஹம்மத் அலிக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. இளம் விதவையான இவர் மறுமணம் செய்யாமல் பிள்ளைகளை வளர்ப்பதையே தன் வாழ்க்கையாக்கிக் கொண்டார்.

ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்று முஸ்லிம்கள் பலர் அஞ்சிய காலம் அது. குடும்பச் சொத்தைப் பார்த்துவந்த உறவினரும் அந்த அச்சத்தினால் படிப்புச் செலவுக்குப் பணம் தர மறுத்தார். பீ அம்மா அவரோடு சண்டை பிடிக்கவில்லை. தன் நகைகளை இரகசியமாக அடகு வைத்துப் பிள்ளைகளை பரேலியிலிருந்த பாடசாலைக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர்கள் அலிகார் கல்லூரிக்குப் போனார்கள். முஹம்மத் அலி கடல் கடந்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வந்தார். தனக்குக் கிடைக்காத கல்வியின் பெறுமதியை ஒரு தாய் எவ்வளவு சரியாக அறிந்திருந்தார்!

முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசு அலி சகோதரர்களை 1915இல் தடுத்து வைத்தது. சிந்த்வாராவில் அவர்கள் காவலில் இருந்தபோது தாயும் அவர்களுடனேயே போய் வாழ்ந்தார். நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட்டால் விடுதலை என்று ஓர் அதிகாரி பத்திரத்துடன் வந்தார். திரைக்குப் பின்னால் இருந்த பீ அம்மா அவருக்குக் கேட்கும்படியே பேசினார். தன் மார்க்கத்துக்கும் நாட்டுக்கும் மாறான எதையும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால், நடுங்கும் இந்த முதிய கைகளுக்கு அவர்களின் கழுத்தை நெரிக்கும் பலத்தை அல்லாஹ் தருவான் என்பதே அவர் சொன்னதன் கருத்து. பிள்ளைகளுக்காக நகையை விட்டுக்கொடுத்தவர், கொள்கை என்று வந்தபோது பிள்ளைகளையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

1917 டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டுக்கு முஹம்மத் அலி தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். அவரோ காவலில் இருந்தார். தலைவரின் ஆசனத்தில் அவருடைய படம் வைக்கப்பட்டது. அந்த மாநாட்டில் பீ அம்மா புர்கா அணிந்தவராகத் தோன்றி உரையாற்றினார். முஸ்லிம் பெண்ணொருவர் ஆண்கள் நிறைந்த அரசியல் மேடையில் பேசுவது அன்று எவரும் எதிர்பாராத காட்சி.

1921இல் கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் பரவின. ஆங்கிலேயரின் படையில் முஸ்லிம்கள் பணிபுரிவது ஹராம் என்று கராச்சியில் நிறைவேற்றிய தீர்மானத்துக்காக சகோதரர்கள் இருவருக்கும் இரண்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய தாய் வீட்டில் இருந்து அழவில்லை. முஹம்மத் அலியின் மனைவி அம்ஜதி பேகமும் இயக்கப் பணியில் துணை நிற்க, ஊர் ஊராகப் போனார். அந்நியத் துணியைக் கைவிட்டு இராட்டையில் நூற்குமாறு பெண்களைக் கேட்டார். இயக்கத்துக்கு நிதி சேர்த்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று சென்ற இடமெல்லாம் வலியுறுத்தினார். அன்று நகை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரின் காலத்திலேயே, நாட்டுக்காகத் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுக்கப் பெண்கள் முன்வந்தார்கள்.

அந்நாட்களில் பஞ்சாபில் நடந்த ஒரு பெருங்கூட்டத்தில் அவர் தன் முகத்திரையை உயர்த்தினார். கூடியிருக்கும் அனைவரும் தன் பிள்ளைகளே, பிள்ளைகளின் முன் தாய்க்குத் திரை எதற்கு என்பது அவர் தந்த விளக்கம். வாழ்நாள் முழுவதும் பர்தாவைப் பேணியவர் அவர். திரைக்குள் இருந்தபோதும் அதை உயர்த்தியபோதும் அவருடைய குரல் ஒன்றாகவே இருந்தது.

1924 செப்டெம்பரில் மகாத்மா காந்தி இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கியது டில்லியில் முஹம்மத் அலியின் வீட்டில்தான். அதே ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி பீ அம்மா இறையடி சேர்ந்தார். சுதந்திரத்தைக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. அது வர இன்னும் 23 வருடங்கள் இருந்தன.

போராட்டத்தில் பெண்களின் பங்கு என்றதும், வீரர்களைப் பெற்றுக் கொடுத்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பீ அம்மாவின் வாழ்க்கை அதோடு முடியவில்லை. மகன்மார் பேச முடியாதபோது அவர் பேசினார். அவர்கள் நடக்க முடியாதபோது அவர் நடந்தார். அதைத் தாய்ப்பாசம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அது அவரே தெரிந்தெடுத்த அரசியல்.

அன்று ஒரு தாய் இரகசியமாக நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பியது ஆண்பிள்ளைகளை. இன்று எங்கள் உம்மாமார் பலர் அதே நகையை அடகு வைத்து மகள்மாராகிய எங்களைப் படிக்க அனுப்புகிறார்கள். அந்த நகைகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லப் போகிறோம்? ஆபாதி பானு பேகத்தை அவருடைய சொந்தப் பெயராலேயே நினைவுகூர்வோம். அவருடைய மறுமை வாழ்வை அல்லாஹ் சிறப்பாக்கி வைப்பானாக!