மூலை அணுவின் மதிப்பை உணர்த்திய மேதை

கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன செயின்ட் ஹெலன்ஸ் என்னும் ஆங்கிலேய நகரில் 1890-ஆம் ஆண்டு பிறந்தார் ஹியூ ஸ்டாட் டெய்லர். லிவர்பூலில் பயின்று, 1914-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

தான் தீர்ந்துபோகாமல் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளே கிரியா ஊக்கி. நிக்கல், இரும்பு முதலிய உலோகங்கள் இவ்வாறு பயன்படுகின்றன. அவற்றின் பரப்பு முழுவதும் ஒரே சீராக வேலை செய்கிறது என்றே பலர் எண்ணினர். டெய்லருக்கோ ஐயம். பரப்பை மூடவும் போதாத சிறிதளவு நச்சுப்பொருள் பட்டாலே ஊக்கி செயலிழப்பதேன்? மிகுதியாகச் சூடாக்கினால், எடை குறையாமலே அதன் ஆற்றல் குன்றுவதேன்?

1925-இல் விடை கூறினார். சமதளத்திலுள்ள அணுவை அண்டை அணுக்கள் நெருங்கிச் சூழ்ந்திருக்கும். படிகத்தின் விளிம்பிலும் மூலையிலும் உள்ள அணுவுக்கோ துணை குறைவு. பிற பொருளைப் பற்றிக்கொள்ள அதற்குக் கை மிச்சம். அத்தகைய சில இடங்களே பெரும்பணி ஆற்றுகின்றன. நஞ்சு அவற்றையே முதலில் பற்றுகிறது. வெப்பம் அவற்றை மழுக்கிவிடுகிறது.

1953-இல் எலிசபெத் அரசியாரும், பாப்பரசர் 12-ஆம் பத்திநாதரும் அவருக்கு வீரப்பட்டம் அளித்தனர். 1974-இல் அவர் மறைந்தார். பின்னர் 1980-களில் இரும்புப் படிகத்தின் வெவ்வேறு முகங்களைச் சோதித்தபோது, அம்மோனியா உண்டாக்குவதில் ஒரு முகம் மற்றொன்றைவிட 400 மடங்குக்கு மேல் வேகம் காட்டியது. படிகத்தின் வடிவம் எத்துணை முக்கியம் என்பது மீண்டும் உறுதியாயிற்று.

தோழியரே, மூலையில் தனித்து நிற்பது குறையன்று. பெரும்பணி அங்கிருந்தும் தொடங்கலாம்.