யாகுமோ ஆன ஹெர்ன்

அயல்நாடுகளுக்குச் சென்று தாம் கண்டவற்றை எழுதிய இதழாளர் பலர். சென்ற நாட்டின் குடிமகனாகவே மாறி, அம்மக்களின் கதைகளை உலகிற்கு வழங்கியோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் லஃப்காடியோ ஹெர்ன்.

இன்று கிரேக்க நாட்டைச் சேர்ந்த லெஃப்காடா தீவில் 1850ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் பிரித்தானியப் படையில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர். தாயார் கிரேக்கப் பெண்மணி. இரண்டு வயதில் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையை விட்டுத் தாயார் தம் நாடு திரும்பினார். தந்தையின் அரவணைப்பும் வாய்க்கவில்லை. பாட்டி முறையினரான உறவினர் ஒருவரே வளர்த்தார். பள்ளியில் நேர்ந்த விபத்தில் பதினாறாம் வயதில் இடக்கண் பார்வை போயிற்று. வளர்த்தவரின் செல்வமும் கரைந்தது. 1869இல், 19 வயதில், ஆதரவற்றவராய் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரை அடைந்தார்.

அங்கே ஹென்றி வாட்கின் என்னும் அச்சகத்தார் அவருக்கு ஆதரவு தந்தார். நாளடைவில் ஹெர்ன் நாளிதழ்ச் செய்தியாளரானார். ஆற்றுத் துறையில் சுமை தூக்கிய கறுப்பின மக்களின் வாழ்வையும் பாடல்களையும் பரிவோடு எழுதினார். அடிமைத்தளையில் பிறந்து விடுதலை பெற்ற அலித்தியா ஃபோலியை 1874இல் மணந்தார். இத்தகைய கலப்பு மணத்தை ஒகையோ மாநிலச் சட்டம் அந்நாளில் தடை செய்திருந்தது. மறு ஆண்டே இதழ்ப் பணி பறிபோயிற்று. வேறோர் இதழில் சேர்ந்தார். அந்தத் திருமணமும் நிலைக்கவில்லை.

1877இல் நியூ ஆர்லியன்ஸ் சென்று பத்தாண்டுகள் வாழ்ந்தார். கிரியோல் மக்களின் பழமொழிகளையும் சமையல் முறைகளையும் தொகுத்து 1885இல் இரு நூல்களாக்கினார். பின்னர் மார்த்தினிக் தீவில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கிப் பயணநூல் படைத்தார்.

1890 ஏப்ரலில் ஹார்ப்பர்ஸ் இதழின் பொருட்டு யோகோஹாமாவில் இறங்கினார். உடன்வந்த ஓவியருக்குத் தம்மினும் மிகுதியான ஊதியம் என அறிந்ததும் அவ்விதழோடு உறவை முறித்துக்கொண்டார். ஜப்பானிய மொழி அறியாத நாற்பது வயதினருக்கு மாட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியப் பணி கிடைத்தது. அங்கே, வறுமையுற்ற சாமுராய்க் குடியில் பிறந்த கொய்சுமி செட்சுவை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். மாட்சுயே வாழ்வின் பயனாக விளைந்த நூல் 1894இல் வெளிவந்தது.

மகன் பிறந்தபின் பெருங்கவலை ஒன்று அவரை வாட்டியது. முறைப்படி அயல்நாட்டவரின் மனைவியானால் செட்சு தம் குடியுரிமையை இழப்பார்; பதிவு செய்யாதுவிட்டாலோ தமக்குப்பின் மனைவி மக்களுக்குச் சொத்துரிமை ஐயத்திற்கிடமாகும். தாய் தம்மை விட்டுச் சென்ற துயரை அறிந்த அவர், 1896இல் பிரித்தானியக் குடியுரிமையைத் துறந்து கொய்சுமி யாகுமோ என்னும் பெயரோடு ஜப்பானியரானார்.

அவ்வாண்டே டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கலானார். 1903இல் அப்பணியும் முடிவுக்கு வந்தது. மாணவர் எதிர்ப்புப் பயனளிக்கவில்லை. அவருக்குப்பின் அங்குக் கற்பித்தவருள் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நட்சுமே சோசெகி.

பழங்கதைகளைச் செட்சு நூலைப் பார்த்துப் படிக்காமல், தம் சொந்தச் சொற்களில் சொல்லவேண்டும் என்பது ஹெர்னின் விருப்பம். இருவருக்கும் மட்டுமே முழுதும் விளங்கிய எளிய ஜப்பானிய மொழியில் அவர் சொல்ல, ஹெர்ன் ஆங்கிலத்தில் எழுதினார். 1904இல் வெளியான க்வைதான் என்னும் பேய்க்கதைத் தொகுதியின் பின்னே செட்சுவின் உழைப்பும் உண்டு என்பதை மறத்தலாகாது.

பழைய ஜப்பானை மிகையாக அழகுபடுத்தினார் என்னும் குறை ஹெர்ன்மீது சொல்லப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் புதுமை வேகத்தில் ஜப்பானியரே புறக்கணித்த கதைகளை அவர் செல்வமெனப் போற்றினார். 1904 செப்டம்பர் 26இல், 54ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுத்துகள் ஜப்பானிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, அம்மக்களால் இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. தங்கள் பாட்டிமார் சொன்ன கதைகளை அயல்நாட்டில் பிறந்த ஒருவரிடமிருந்து அவர்கள் திரும்பப் பெற்றனர்.